ஒரு புரதம் தன் வடிவத்தைப் பரப்பும் விதம்: மல்லாவியிலிருந்து வந்த கடிதத்துக்குப் பதில்

மல்லாவிக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது. பட்டி மாடு வளர்த்து வாழ்ந்த அவருடைய தந்தையாருக்கு 66 வயதில் முதலில் நடை தடுமாறியது. சில கிழமைகளில் பெயர்கள் மறந்தன, கைகால்கள் திடீர் திடீரென வெட்டி இழுத்தன. ஐந்து மாதத்துக்குள் பேச்சையும் விழுங்கும் ஆற்றலையும் இழந்து அவர் காலமானார். எம்.ஆர்.ஐ. படமும், வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட முண்ணாண் நீரும் குரொய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கொப் நோயைக் காட்டின. பிரியன் என்ற புரதம் மடிப்புத் தவறி, அமிலோயிட் நாராகித் திரண்டதே காரணம் என்று வைத்தியர் கூறியிருக்கிறார். இந்நோயைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்த ஊரார் சிலர் இதைப் 'பைத்திய மாட்டு நோய்' என்று சொல்லி, இவர்கள் வீட்டுப் பாலை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் பாயையும் பாத்திரங்களையும் எரிக்கும்படியும் சொல்கிறார்கள். 2009இல் ஷெல் காயத்துக்காக அப்பாவுக்கு இரத்தம் ஏற்றப்பட்டதே காரணமோ என்று அம்மா கலங்குகிறார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தம்பி, உயிரில்லாத ஒரு புரதம் எவ்வாறு பெருகும் என்று கேட்கிறார். வாசகியின் கேள்வி, இது எங்களுக்கும் வருமா என்பது.

அன்புள்ள சகோதரிக்கு,

தந்தையாரை ஐந்து மாதம் தாங்கிய கைகளே இன்று ஊராரால் சந்தேகத்தோடு பார்க்கப்படுகின்றன என்று நீங்கள் எழுதியிருந்தது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. ஆகையால் விளக்கத்துக்கு முன்னரே விடையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு வந்த நோய் உங்கள் பட்டியிலிருந்து வந்ததன்று. அவரைத் தொட்டதாலோ, அவருக்கு ஊட்டியதாலோ, அவரைக் குளிப்பாட்டியதாலோ, அவர் உண்ட தட்டில் நீங்கள் உண்டதாலோ அது உங்களில் எவருக்கும் வரப்போவதில்லை. உங்கள் பசுக்களின் பாலை அருந்த இந்நோயை முன்னிட்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. இது பரம்பரையாகத் தொடரக்கூடிய வகையா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் இன்னுமொரு பரிசோதனை தேவைப்படுகிறது. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

இவ்வளவு உறுதி எங்கிருந்து வருகிறது என்று ஊரார் உங்களைக் கேட்பார்கள். அது அந்தப் புரதத்தின் இயல்பிலிருந்தே வருகிறது. எனவே தம்பியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பிரியன் புரதம் வெளியிலிருந்து உடலுக்குள் புகுந்த பொருளன்று. உங்களிடமும் என்னிடமும், பட்டியில் நிற்கும் ஒவ்வொரு மாட்டிடமும் அது பிறப்பிலிருந்தே இருக்கிறது. மனிதரில் 20ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகு அதை ஆக்குகிறது. முதலில் 253 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாக உருவாகும் இப்புரதம், இரு முனைகளும் வெட்டப்பட்ட பின்னர், ஒரு கொழுப்பு நங்கூரத்தின் மூலம் நரம்புக்கலத்தின் வெளிப்பரப்பில் பற்றிக்கொள்கிறது. அதன் முன் அரைப்பகுதி நிலையான வடிவம் எதுவுமின்றித் தொங்கிக்கொண்டிருக்கும். அப்பகுதி செப்பு அயன்களைப் பிணைக்க வல்லது. பின் அரைப்பகுதி இறுக்கமாக மடிந்திருக்கும். சூரிச்சில் கேர்ட் வூத்ரிச்சின் குழுவினர் 1996இல் சுண்டெலியின் பிரியன் புரதத்தை ஆராய்ந்து, இந்த மடிந்த பகுதியில் மூன்று அல்பா சுருள்களும் மிகச் சிறிய இரண்டு பீற்றா இழைகளும் இருப்பதைக் காட்டினார்கள். மனிதப் புரதத்தின் அமைப்பும் பெரும்பாலும் அதுவே. சுகதேகியான ஒருவரின் மூளையில் இப்புரதம் உருவாகி, சிறிது காலம் இருந்து, கலத்தினால் சிதைக்கப்பட்டு, மீண்டும் புதிதாக ஆக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒரு புரதம் எப்படி மடிய வேண்டும் என்பது அதன் அமினோ அமில வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்று தம்பி பாடத்தில் படித்திருப்பார். அதைப் பரிசோதனையால் நிறுவிய கிறிஸ்ரியன் அன்ஃபின்சன் 1972இல் நோபல் பரிசு பெற்றார். அக்கருத்து இன்றும் சரியானதே. ஆனால் அதை வாசிக்கும் மாணவர்கள் ஒன்றைத் தவறவிடுவதுண்டு. ஒரு சங்கிலி தனியாக இருக்கும்போது அதற்கு மிகவும் உறுதியான நிலை எது என்பதையே அந்தக் கருத்து சொல்கிறது. ஒரே வகைச் சங்கிலிகள் பல ஒன்றையொன்று நெருங்கி நிற்கும்போது வேறொரு நிலையும் திறந்துகொள்கிறது. எல்லாப் புரதங்களுக்கும் முதுகெலும்பாக இருக்கும் பெப்தைட்டுத் தொடரில் ஐதரசன் பிணைப்பை ஏற்படுத்தக்கூடிய கூட்டங்கள் ஒழுங்கான இடைவெளியில் அமைந்திருக்கின்றன. வழக்கமாக மடிந்த புரதத்தில் இவை தம் சங்கிலிக்குள்ளேயே பிணைந்து சுருள்களாகவும் தாள்களாகவும் அமைகின்றன. அந்த மடிப்பு தற்காலிகமாகக் குலையும் கணங்களில், அதே கூட்டங்கள் அயலிலுள்ள மற்றொரு சங்கிலியோடு பிணைந்துகொள்ளலாம். அவ்வாறு அடுத்தடுத்துப் பிணைந்து நீளும் திரட்சிதான் அமிலோயிட் நார்.

அந்த நாரின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; நோயின் மற்றெல்லா இயல்புகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. நாரில் சேரும் ஒவ்வொரு பிரியன் மூலக்கூறும் தன் பழைய சுருள்களை முற்றாக இழந்துவிடுகிறது. சங்கிலியின் பெரும்பகுதி வளைந்து வளைந்து ஏறத்தாழத் தட்டையான ஒரு படலமாகப் பரவுகிறது. அதன்மேல் அடுத்த மூலக்கூறு அதே வளைவுகளோடு படிகிறது, அதன்மேல் மற்றொன்று. கீழுள்ள மூலக்கூறின் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் நேர் மேலே அடுத்த மூலக்கூறின் அதே அமினோ அமிலம் வந்து அமைகிறது. இரண்டு படலங்களுக்கிடையிலான தூரம் ஏறத்தாழ 0.48 நனோமீற்றர். பீற்றா இழைகள் நாரின் அச்சுக்குக் குறுக்காகவும், அவற்றை இணைக்கும் ஐதரசன் பிணைப்புகள் அச்சின் வழியாகவும் ஓடுகின்றன. 2021இல் ஹம்ஸ்டர் மூளையிலிருந்து பிரித்தெடுத்த தொற்றும் பிரியன்களை, உறைநிலையில் வைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தபோது இவ்வமைப்பு நேரடியாகத் தெரிந்தது. அதற்கு முன்னர் வேறு மாதிரிகளும் முன்வைக்கப்பட்டிருந்தன. அந்த ஆய்வோடு படம் பெரிதும் தெளிவடைந்தது.

இந்த அடுக்கின் உட்பகுதியில் நீர் புகுவதற்கு இடமில்லை. சாதாரண பிரியன் புரதத்தை முற்றாகச் சமிபாடடையச் செய்யும் நொதியம், மடிப்புத் தவறிய வடிவத்தின் ஓரத்தை மட்டும் நறுக்கிவிட்டு உட்பகுதியை விட்டுவிடுகிறது. கொதிநீர் அதை அழிக்காது. போமலின் அதை அழிப்பதற்குப் பதிலாக மேலும் உறுதியாக்குகிறது. பரம்பரைத் தகவலைத் தாங்கும் கருவமிலத்தைச் சிதைக்கும் கழியூதாக் கதிர்களும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. செம்மறியாட்டுக்கு வரும் ஸ்கிரேபி நோயின் காரணியைக் கதிர்களால் தாக்கிப் பார்த்த ரிக்வா அல்ப்பரும் அவருடைய சகாக்களும், அது கருவமிலம் கொண்ட எந்த வைரசையும் போல் நடந்துகொள்ளவில்லை என்று 1960களிலேயே கண்டார்கள். 1967இல் ஜோன் கிறிபித் என்பவர், புரதமொன்று தன் வடிவத்தைத் தானே பரப்ப முடியும் என்று கோட்பாட்டளவில் எழுதினார். 1982இல் ஸ்ரான்லி புரூசினர் அக்காரணியைப் பிரித்தெடுத்துப் பிரியன் என்று பெயரிட்டபோது எதிர்ப்புகள் பலமாக எழுந்தன. சார்ல்ஸ் வைஸ்மனின் குழுவினர் பிரியன் பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு ஸ்கிரேபித் தொற்றைச் செலுத்தினர். அவற்றுக்கு நோய் வரவேயில்லை. 1993இல் வெளியான அந்த முடிவு என்னைப் பொறுத்தவரை இத்துறையின் மிக அழகான பரிசோதனை. நோய்க் காரணி தானாகப் பெருகுவதில்லை, அது பெருகுவதற்கு உடலே ஆக்கும் சாதாரண பிரியன் புரதம் மூலப்பொருளாக வேண்டும் என்பதை அது ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது.

இனிப் 'பெருகுதல்' என்பதைப் பார்ப்போம். கருப்பணியைக் காய்ச்சிப் பாகாக்கி, பானையில் நூல் கட்டிப் பனங்கற்கண்டுக்கு வைப்பதை உங்கள் அம்மா பார்த்திருப்பார். பாகில் சீனிச்சத்து நிறைந்திருந்தாலும் முதல் மணி உருவாக நெடுநாள் எடுக்கிறது. பழைய கற்கண்டின் துகளொன்று அதில் விழுந்துவிட்டாலோ அதைச் சுற்றி விரைவாக மணிகள் கட்டுகின்றன. அமிலோயிட் நாரும் இதே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது. இரண்டு அல்லது மூன்று மூலக்கூறுகள் தற்செயலாகத் தவறான வடிவத்தில் ஒட்டிக்கொண்டாலும், அவற்றைப் பிடித்துவைக்கப் போதிய பிணைப்புகள் இல்லாததால் பிரிந்துவிடுகின்றன. அல்லது கலம் அவற்றைச் சிதைத்துவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட அளவை எட்டிய கரு மட்டுமே நிலைக்கும். அது உருவாவது மிக மிக அரிது. உருவான பின்னரோ, அதன் இரு முனைகளும் வார்ப்பாகின்றன. அருகில் வரும் சாதாரண மூலக்கூறு மடிப்புக் குலைந்து, முனையிலுள்ள மூலக்கூறின் வளைவுகளையே தானும் ஏற்றுப் படிகிறது. படிந்த அதுவே அடுத்ததற்கு வார்ப்பு. இங்கே எந்த அமினோ அமிலமும் மாறுவதில்லை. வரிசை அதே வரிசைதான், வடிவம் மட்டுமே வேறு.

நார் நீண்டுகொண்டே போவது மட்டுமாக இருந்தால் நோய் மிக மெதுவாகவே முற்றும், ஏனெனில் நீண்ட நாருக்கும் முனைகள் இரண்டுதான். நார் முறிகிறது என்பதே இதில் தீர்க்கமான செய்தி. ஒரு நார் இரண்டாக முறிந்தால் நான்கு முனைகள், அவை மீண்டும் முறிந்தால் எட்டு. முறிந்த துண்டுகள் அயல் நரம்புக்கலங்களுக்குச் செல்கின்றன, அங்கும் அதே வேலை தொடங்குகிறது. இவ்வாறு வளர்ச்சி மடங்கு மடங்காகப் பெருகுகிறது. உங்கள் அப்பா 66 வயதுவரை நலமாக மாடு மேய்த்துவிட்டு, ஐந்தே மாதத்தில் படுக்கையானது ஏன் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். முதற்கரு உருவாவதற்கான நெடுங்காலத் தாமதமும், உருவான பின்னர் முறிந்து பெருகும் வேகமும் சேர்ந்ததே அதற்கான விடை. இந்நோய் தொடங்கிய பின் பாதிக்கு மேற்பட்டோர் அரை ஆண்டுகூட வாழ்வதில்லை. அவரை நீங்கள் கவனித்ததில் எந்தக் குறையும் இதற்குக் காரணமன்று.

அப்பாவின் முண்ணாண் நீரில் செய்த பரிசோதனையும் இதே நிகழ்வை ஆய்வுத் தட்டொன்றின் சிறு குழிகளுக்குள் நடத்திப் பார்ப்பதுதான் என்று அறிந்தால் தம்பி மகிழ்வார். ஆய்வுகூடத்தில் ஆக்கிய சாதாரண பிரியன் புரதக் கரைசலில் நோயாளியின் முண்ணாண் நீரைச் சில மைக்கிரோலீற்றர் அளவில் சேர்த்து, குலுக்குவதும் ஓய்வில் விடுவதுமாக மாறி மாறிச் செய்வார்கள். அமிலோயிட்டோடு பிணைந்தால் ஒளிரும் தயோஃபிளேவின் என்ற சாயமும் அதில் இருக்கும். நோயாளியின் நீரில் மடிப்புத் தவறிய கருக்கள் இருந்தால், அவை கரைசலிலுள்ள புரதத்தைத் தம் வடிவத்துக்கு இழுத்து, சில மணித்தியாலங்களிலிருந்து சில நாட்களுக்குள் ஒளிர்வைத் தந்துவிடும். குலுக்குவது எதற்காக என்றால், நார்களை முறித்துப் புதிய முனைகளை உண்டாக்குவதற்காக. இப்பரிசோதனை நோயைத் தவறாக உறுதிப்படுத்துவது மிக மிக அரிது. எம்.ஆர்.ஐ. படமும் அறிகுறிகளும் அதோடு ஒத்துப்போவதால் நோயை அறிந்ததில் எனக்கு ஐயமில்லை.

தம்பி கேட்ட மற்றொன்று, நார்கள்தாம் நரம்புக்கலங்களைக் கொல்கின்றனவா என்பது. இதற்கு விடை சற்றுச் சிக்கலானது. ஆனால் மிகவும் சுவையானது. குரொய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கொப் நோயாளர் பலரின் மூளையில் பெரிய அமிலோயிட் படிவுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மடிப்புத் தவறிய புரதம் நரம்பிணைப்புகளைச் சுற்றி மிக நுண்ணிய அளவில் பரவியிருக்கும், மூளையிழையத்தில் சிறு சிறு வெற்றிடங்கள் தோன்றியிருக்கும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்பு நங்கூரம் இல்லாத பிரியன் புரதத்தை மட்டும் ஆக்கும் சுண்டெலிகளுக்குத் தொற்றைச் செலுத்தினர். அவற்றின் மூளையில் பெரும் அமிலோயிட் படிவுகள் உண்டாயின, ஆனால் நோயின் அறிகுறிகள் மிகக் குறைவாகவே இருந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், ஜியோவன்னா மலூச்சியும் சகாக்களும் லண்டனில் செய்த பரிசோதனையில், ஏற்கெனவே நோய் தொற்றிய சுண்டெலிகளின் நரம்புக்கலங்களிலிருந்து பிரியன் பரம்பரையலகை நீக்கினார்கள். மூளையில் தவறிய புரதம் தொடர்ந்து சேர்ந்துகொண்டிருந்தும், தொடக்க நிலைச் சேதம் திரும்பச் சீரடைந்தது, சுண்டெலிகளும் நலமாக இருந்தன. ஆகவே திரண்டு கிடக்கும் நாரைவிட, நரம்புக்கலத்தின் பரப்பிலேயே சாதாரண புரதம் மாற்றப்பட்டுக்கொண்டிருக்கும் நிகழ்வுதான் அதிகம் நஞ்சாகிறது. மூலப்பொருளான சாதாரண புரதத்தின் அளவையே குறைக்கும் மருந்துகள் இன்று மனிதரில் பரிசோதிக்கப்பட்டு வருவதற்கு இதுவே அடிப்படை. உங்கள் அப்பாவின் காலத்துக்கு அவை வந்து சேரவில்லை என்பது துயரமானது. இன்றும் இந்நோயைக் குணமாக்கும் அல்லது நிறுத்தும் மருந்து எந்த வைத்தியசாலையிலும் இல்லை. எனவே கொழும்புக்கு முன்னரே கொண்டுபோயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்ற எண்ணத்தைத் தயவுசெய்து உங்கள் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

மாடுகளைப் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஊராருக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது வெறும் கற்பனையன்று. 1986இல் பிரித்தானியாவில் மாடுகளுக்கு ஒரு புதிய பிரியன் நோய் இனங்காணப்பட்டது. இறந்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்துப் புரதத் தீனியாக மாடுகளுக்கே கொடுத்து வந்தார்கள். ஒரு மாட்டின் தவறிய பிரியன் பல மாடுகளின் வயிற்றுக்குப் போனது. அந்நாட்டில் மட்டும் 180,000க்கும் மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதிசெய்யப்பட்டது. அத்தகைய மாடுகளின் மூளை, முண்ணாண் கலந்த இறைச்சிப் பொருட்களை உண்டவர்களில் சிலருக்கு, குரொய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கொப் நோயின் மாறுபட்ட வகையொன்று வந்தது 1996இல் அறிவிக்கப்பட்டது. பிரித்தானியாவில் அதனால் இறந்தவர்கள் 178 பேர். ஆனால் அந்த வகை உங்கள் அப்பாவுக்கு வந்த நோயன்று. அது பெரும்பாலும் இளம் வயதினருக்கு, சராசரியாக 28 வயதளவில் வந்தது, மனச்சோர்வும் மனக்குழப்பமுமாகத் தொடங்கி, ஓராண்டுக்கு மேல் நீடித்தது, எம்.ஆர்.ஐ. படத்தில் அது காட்டும் அடையாளமும் வேறு. உங்கள் மாடுகள் அறுவடை முடிந்த வயலிலும் குளத்தோரத்திலும் காட்டோரத்திலும் மேய்ந்து, வைக்கோல் தின்று வளர்பவை என்று எழுதியிருக்கிறீர்கள். புல்லிலும் வைக்கோலிலும் அந்த நோய்க்கு வழியில்லை. நோயுற்ற மாடுகளின் பாலைப் பற்றியும் அக்காலத்தில் பல சோதனைகள் நடந்தன; பாலினால் நோய் பரவியதாக எதுவும் காட்டவில்லை. பால் பாதுகாப்பானது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும் ஆகும். உங்கள் மாடுகளோ நோயுற்றவையே அல்ல. இதை நீங்கள் தனியாக நின்று ஊராருக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அரச கால்நடை வைத்தியரையும் அழைத்து, பால் சேகரிக்கும் இடத்திலேயே இரண்டு வார்த்தை பேசச் செய்யுங்கள். நீங்கள் சொன்னால் வழக்கு, அவர்கள் சொன்னால் விளக்கம் என்பதே நம் ஊர்களின் நிலை.

அம்மாவின் கலக்கத்துக்கு வருகிறேன். இரத்தம் ஏற்றியதன் மூலம் பிரியன் நோய் பரவியது மெய்யாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால் அது பிரித்தானியாவில், மேலே சொன்ன மாட்டுவழி வகையில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டும். உங்கள் அப்பாவுக்கு வந்தது போன்ற வகை இரத்தத்தால் பரவியதற்கு, பல ஆண்டுகளாக நடந்த கண்காணிப்பிலும் சான்று கிடைக்கவில்லை. அன்று அந்த நெருக்கடிக்குள் யாரோ ஒருவர் கொடுத்த இரத்தம் அவரைக் காப்பாற்றியது. அதன் பின்னர் அவர் வாழ்ந்த ஆண்டுகள் அந்த இரத்தத்தால் கிடைத்தவை என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

பாயையும் பாத்திரங்களையும் எரிக்க வேண்டாம். மடிப்புத் தவறிய புரதம் நோயாளியின் மூளையிலும் முண்ணாணிலும் கண்ணின் பின்பகுதியிலும் செறிந்திருக்கும். உமிழ்நீர், வியர்வை, தொடுகை, மூச்சு என்பவற்றின் வழியாக இந்நோய் எவருக்கும் பரவியதாகப் பதிவில்லை. நோயாளரோடு ஆண்டுக்கணக்கில் ஒரே படுக்கையைப் பகிர்ந்த வாழ்க்கைத் துணைகளுக்கும் அது வருவதில்லை. இவ்வுலகில் இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிய வழிகள் மிகச் சிலவே: இறந்தவர்களின் கபச்சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஓமோன், மூளையுறை ஒட்டு, விழிவெண்படல மாற்று, மூளையறுவையில் பயன்பட்ட கருவிகள் என்பன. பப்புவா நியூகினியில் போரே இன மக்களிடையே இறந்த உறவினரின் உடலை, மூளையையும் சேர்த்து, இறுதிச் சடங்கில் உண்ணும் வழக்கத்தால் குரு என்ற பிரியன் நோய் பரவியது. அவ்வழக்கம் நின்ற பின்னரும் சிலருக்கு அரை நூற்றாண்டு கழித்து நோய் வெளிப்பட்டது. இவற்றில் எல்லாம் தவறிய புரதம் நேரடியாக உடலுக்குள் சென்றிருப்பதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நிகழவில்லை. நீங்கள் அவரைக் குளிப்பாட்டியதும், இறந்த பின் நீராட்டி உடுத்தியதும், தகனம் செய்ததும் எந்த ஆபத்துமற்ற செயல்கள். கருவிகளைப் பற்றிய கவலை வைத்தியசாலைக்கு உரியது. மூளையில் அறுவை செய்திருந்தால் அக்கருவிகளைச் செறிந்த சோடியம் ஐதரொட்சைட்டிலும், பின் உயர் அமுக்க நீராவியில் 134 பாகை வெப்பத்திலும் நெடுநேரம் வைக்க வேண்டும். அப்பாவுக்கு அத்தகைய அறுவை எதுவும் செய்யப்படவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் மறதிநோயிலும் அமிலோயிட் உண்டாமே, அதுவும் தொற்றுமா என்று தம்பி ஒரு வரி எழுதியிருந்தார். அல்சைமர் நோயில் திரள்வது வேறொரு புரதத்தின் துண்டு. நாரின் அமைப்பும் கருவிலிருந்து வளரும் முறையும் ஒத்தவை; ஆயினும் அந்நோய் உறவாடலாலோ பராமரிப்பாலோ தொற்றுவதில்லை. அமிலோயிட் என்றாலே நோய் என்றும் கொள்ள வேண்டாம்: நம் தோலின் மெலனின் நிறப்பொருள் அமைவதற்கே உடல் ஒரு வகை அமிலோயிட் நாரைத் திட்டமிட்டு ஆக்குகிறது.

இறுதியாக, உங்களுக்கு வருமா என்ற கேள்வி. இந்நோய் உலகெங்கும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது. அவர்களில் ஏறத்தாழ 85 வீதமானோருக்கு அது காரணமின்றித் தானாகவே தோன்றியது. முன்னர் சொன்ன அந்த அரிய முதற்கரு அவர்களின் மூளையில் தற்செயலாக உருவாகிவிட்டது, அவ்வளவே. அவ்வாறாயின் பிள்ளைகளாகிய உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகமான ஆபத்து எதுவுமில்லை. எஞ்சியோரில் ஏறத்தாழ எல்லோருக்கும் பிரியன் பரம்பரையலகில் ஒரு விகாரம் இருக்கிறது. உதாரணமாக 200ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின் வந்தால், மடிப்புத் தவறுவதற்கான வாய்ப்பு உயர்கிறது. 178ஆம் இடத்து விகாரம் இன்னும் வியப்பானது: 129ஆம் இடத்தில் மெதையொனின் இருந்தால் அது தூக்கத்தையே அழிக்கும் நோயாகவும், அதே இடத்தில் வலைன் இருந்தால் குரொய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கொப் நோயாகவும் வெளிப்படுகிறது. இத்தகைய விகாரம் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

அப்பாவின் உடன்பிறந்தோரிலோ பெற்றோரிலோ எவரும் நடை தடுமாறியோ அறிவு மயங்கியோ விரைவாக இறந்ததாக நீங்கள் எழுதவில்லை. அது நல்ல அறிகுறி. எனினும் போர்க்காலத்தில் காரணம் அறியப்படாமலே பலரை நாம் இழந்திருக்கிறோம், ஆகவே குடும்ப வரலாற்றை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. அப்பாவைப் பார்த்த நரம்பியல் வைத்தியரிடம் சென்று, அவருடைய இரத்த மாதிரி ஆய்வுகூடத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அதிலேயே பிரியன் பரம்பரையலகுப் பரிசோதனையைச் செய்விப்பது சிறந்தது, ஏனெனில் அவரிடம் விகாரம் இல்லையென்று தெரிந்தால் பிள்ளைகள் எவரும் பரிசோதிக்க வேண்டிய தேவை எழாது. மாதிரி இல்லையென்றால் நீங்களும் தம்பியும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டும். இன்று தடுக்கவோ மாற்றவோ முடியாத ஒன்றை முன்கூட்டியே அறிய வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. அறிய விரும்பினால் பரம்பரையியல் ஆலோசனை பெற்ற பின்னரே மாதிரியைக் கொடுங்கள். தம்பியின் உயர்தரப் பரீட்சை முடியும்வரை இந்தப் பேச்சை அவர்மேல் சுமத்த வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்; அவர் முடிவை அவருக்காக வேறெவரும் எடுக்கவும் கூடாது. முடிவு தெரியும்வரை இருவரும் இரத்ததானம் செய்யாதிருங்கள். எப்போதாவது மூளையிலோ கண்ணிலோ அறுவை செய்ய நேர்ந்தால் அப்பாவின் நோயை வைத்தியரிடம் முன்னரே சொல்லுங்கள். வைத்தியரைப் பார்க்கச் செல்லும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கையையும், முண்ணாண் நீர்ப் பரிசோதனையின் அறிக்கையையும், அப்பாவின் கிளினிக் கொப்பியையும் கொண்டு செல்லுங்கள். அவற்றின் பிரதிகளை நீங்களும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.